நம்பர்ஸ் தொடரில் வருவதுபோல ஒரு விசித்திரமான கணிதப் பேராசிரியர் நிஜமாகவே போலீசுக்கு உதவ முடியுமா?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. தொடரில் சார்லி போடும் கணக்கெல்லாம் உண்மையா என்பது ஒன்று. அப்படி ஒரு விசித்திரமான பேராசிரியர் நிஜத்தில் உண்டா என்பது இன்னொன்று. நான் கல்லூரியில் கணிதம் சொல்லித்தருகிறேன். இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்தை வகுப்பில் பாடமாகவே எடுத்திருக்கிறேன். அதனால் முதல் பகுதிக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக: நம்பர்ஸ் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2005 ஜனவரியிலிருந்து 2010 மார்ச் வரை ஓடியது. ஆறு சீசன், 118 அத்தியாயங்கள். கதை நடப்பது லாஸ் ஏஞ்சல்ஸில். அண்ணன் டான் எப்ஸ் எஃப்பிஐ அதிகாரி. தம்பி சார்லி கணிதப் பேராசிரியர். அண்ணன் ஒரு வழக்கில் திணறி நிற்கும்போது தம்பி சாக்பீஸை எடுப்பார்.

முதல் அத்தியாயத்தில் ஒருவன் பெண்களைத் தொடர்ந்து தாக்குகிறான். அடுத்து எங்கே தாக்குவான் என்று போலீஸ் தலையை உடைத்துக்கொள்கிறது. சார்லி கேள்வியையே திருப்பிப் போடுகிறார். தோட்டத்தில் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரை அவர் உதாரணமாகக் காட்டுவார். அடுத்த துளி எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விழுந்த துளிகளை மட்டும் பார்த்து ஸ்பிரிங்க்ளர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதுபோல, அவன் அடுத்து எங்கே போவான் என்று தேடாமல் எங்கிருந்து வருகிறான் என்று தேடுவோம் என்கிறார்.

இது கதைக்காகக் கட்டியது இல்லை. கனடாவின் வான்கூவர் போலீசில் இருந்த கிம் ராஸ்மோ உருவாக்கிய முறை இது. குற்றம் செய்பவன் தன் வீட்டுக்கு மிக அருகில் செய்யமாட்டான், தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். மிகத் தூரமும் போகமாட்டான், அலைச்சல், பழக்கமில்லாத இடம். இந்த இரண்டு சாதாரண உண்மையையும் சேர்த்து அவர் ஒரு சூத்திரம் எழுதினார். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் லஃபாயெட் நகரில் பல வருடம் பிடிபடாமல் இருந்த ஒருவனைத் தேட அந்த முறை பயன்பட்டது. அந்த வழக்கைத் தழுவித்தான் முதல் அத்தியாயம் எழுதப்பட்டது. நிஜ வழக்கில் பிடிபட்டவன் காவல் துறையிலேயே வேலை பார்த்தவன். குற்றங்கள் நடந்த காலத்தில் கணக்கு காட்டிய பகுதியில்தான் குடியிருந்திருக்கிறான், பிறகு வீடு மாறிவிட்டான்.

வகுப்பில் இதை இப்படிச் செய்வோம். ஒரு மாணவர் கிராஃப் தாளில் ரகசியமாக ஒரு ‘வீட்டை’ மனதில் வைத்துக்கொண்டு பத்து இடங்களைக் குறிப்பார். மற்றவர்கள் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் முதலில் சராசரி எடுப்பார்கள். எங்கோ தனியாகக் கிடக்கும் ஒரே ஒரு புள்ளி அந்தச் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் ராஸ்மோ வழியில் போவோம். ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, ‘வீடு இதுவாக இருந்தால்?’ என்று கேட்டு, பத்துப் புள்ளிகளிலிருந்தும் அதற்கு மதிப்பெண் போடுவோம். தூரம் மிகக் குறைவாக இருந்தாலும் மிக அதிகமாக இருந்தாலும் மதிப்பெண் குறையும். தெருக்கள் வழியாகத்தானே மனிதன் போவான், அதனால் தூரத்தைக் குறுக்கே அளக்காமல் கட்டங்களின் ஓரமாகவே எண்ணுவோம். அதிக மதிப்பெண் வாங்கிய கட்டங்களுக்கு வண்ணம் அடித்தால், பெரும்பாலும் அந்தச் சின்ன வண்ணத் திட்டுக்குள்ளேயே வீடு இருக்கும். அந்த நிமிடம் வகுப்பில் எழும் சத்தம் எனக்கு அலுத்ததே இல்லை.

ஒருமுறை கணக்கு மொத்தமாகத் தோற்றது. அந்த மாணவி வீட்டைத் தாளின் ஒரு மூலையில் வைத்து, புள்ளிகளை எல்லாம் எதிர் மூலையில் குறித்திருந்தார். ‘நான் தினமும் பஸ் ஏறிப் போய்த் திருடுகிறேன்’ என்றார். அருமையான பதில். வீட்டைச் சுற்றியே குற்றம் செய்பவனுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும், வேறு பகுதிக்குப் பயணம் போய்ச் செய்பவனிடம் பொருந்தாது. தொடரிலும் சார்லியின் முதல் கணக்கு கைகொடுக்காது. சூத்திரத்தில் தப்பில்லை, ஒரே ஒரு மையம் என்று எடுத்துக்கொண்டதில்தான் தப்பு. வீடு ஒரு மையம், வேலை பார்க்கும் இடம் இன்னொரு மையம் என்று மாற்றிப் போட்ட பிறகே வழி திறக்கிறது. கணிதத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய தொலைக்காட்சிக் காட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் கேரி லார்டன் தொடருக்கு ஆலோசகராக இருந்தது சும்மா பெயருக்கு இல்லை.

எங்கே மிகைப்படுத்துகிறார்கள் என்றால், வேகத்தில். வாரக்கணக்கில் பிடிக்கும் வேலையைச் சார்லி ஒரே ராத்திரியில் முடிப்பார். ஒரே ஆளுக்குப் புள்ளியியல், குறியீட்டியல், வலையமைப்புக் கோட்பாடு எல்லாம் விரல்நுனியில் இருக்கும். அதோடு இந்த மாதிரிக் கணக்கு யாருடைய பெயரையும் சொல்லாது. எந்தத் தெருவில் முதலில் தேடலாம் என்று வரிசைப்படுத்தித் தரும், அவ்வளவுதான். கதவைத் தட்டி, சாட்சியைத் தேடி, ஆளை உறுதி செய்வது போலீசின் வேலை.

சரி, அந்த விசித்திரப் பேராசிரியர்? சார்லியைவிட அவருடைய நண்பர், இயற்பியல் பேராசிரியர் லாரி பொருத்தமான உதாரணம். வெள்ளை நிற உணவை மட்டும் சாப்பிடுவார், வீட்டை விற்றுவிட்டு நாடோடியாகத் திரிவார். பார்க்க இனிமையாக இருக்கும். ஆனால் நிஜக் கதை எனக்கு அதைவிடப் பிடிக்கும். ராஸ்மோ ரோந்து போன போலீஸ்காரர். வேலையில் இருந்துகொண்டே படித்து 1995இல் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். டானும் சார்லியும் நிஜத்தில் ஒரே மனிதர்! அவருடைய முறையைப் பிறகு உயிரியலாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் சீல் தீவருகே வெள்ளைச் சுறாக்கள் எங்கே பதுங்கியிருந்து வேட்டையாடுகின்றன என்று பார்த்தார்கள். கெய்ரோவில் மலேரியாக் கொசு எங்கே பெருகுகிறது என்றும் தேடினார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது அத்தியாயத்தில் சார்லியின் கணக்கு சரியாகவே வருகிறது, வங்கிக் கொள்ளையர்கள் அவர் சொன்ன இடத்துக்கே வருகிறார்கள். ஆனால் துப்பாக்கிச் சண்டையில் உயிர் போகிறது, அண்ணனுக்கும் அடிபடுகிறது. சார்லி கராஜுக்குள் போய்ப் பி எதிர் என்பி என்ற தீராத புதிரை எழுத ஆரம்பித்துவிடுகிறார். விடையைச் சரிபார்ப்பது சுலபம் என்றால் அதைக் கண்டுபிடிப்பதும் சுலபமா என்று கேட்கும் கணிதப் புதிர் அது. அதைத் தீர்ப்பவருக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து பத்து லட்சம் டாலர் பரிசு காத்திருக்கிறது. அம்மா சாகக் கிடந்த கடைசி மாதங்களிலும் அவர் அதே புதிருக்குள்தான் ஒளிந்திருந்தார் என்று அப்போது நமக்குத் தெரியவரும்.

என் அம்மா நோயில் கிடந்தபோது நான் ஒரு நிரூபணத்தை மூன்றுமுறை திருத்தி எழுதினேன். யாரும் கேட்காத நிரூபணம். பக்கத்து அறையில் அம்மா இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் காட்சி வரும்வரை அதை யாரிடமும் சொன்னதில்லை. பார்த்து முடித்த கையோடு என் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன்.

தொடரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முதல் இரண்டு அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் பாருங்கள்.