மருத்துவரைக் கேளுங்கள்: பரணில் ஏறிய சி-பாப் கருவி

குறட்டையைப் பற்றியும் உறக்கத்தில் மூச்சு நின்றுபோகும் ஸ்லீப் ஆப்னியாவைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்குமேல், அந்த நோய்க்காக உறங்கும்போது முகத்தில் மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் தரும் சி-பாப் கருவியைப் பற்றியவை. அவற்றிலும் பெரும்பாலானவை டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்தவை. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

என் கணவருக்கு வயது 54; விவசாயம் செய்கிறார். அவர் கூடத்தில் விடும் குறட்டை வாசல் திண்ணைவரை கேட்கும். திடீரென்று அது நின்றுபோய், சிறிது நேரம் சத்தமே இல்லாமல் இருந்து, முங்கிக் குளித்தவர் தலையைத் தூக்குவதுபோல ஒரு பெருமூச்சோடு மறுபடியும் தொடங்கும். பகலில் உரக்கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் அயர்ந்துவிடுகிறார். ஆவணி மாதத்தில் வாய்க்கால் கரையில் வண்டியோடு சரிந்து விழுந்த பிறகுதான் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. சி-பாப் கருவி வாங்கி ஒன்பது நாள் போட்டுக்கொண்டார். இப்போது அது பரணில் இருக்கிறது. ‘உயிர் ஊசலாடுகிறவனுக்கு வைப்பதை எனக்கு வைத்துவிட்டார்கள்’ என்கிறார். ஒருமுறை பழகிவிட்டால் அது இல்லாமல் மூச்சே விட முடியாது என்று உறவினர்களும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
— ஒரு வாசகி, பாபநாசம்

அம்மா, பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிக்காக மூச்சு விட்டுக்கொடுக்கும் வென்டிலேட்டர் வேறு, இது வேறு. இதில் ஆக்சிஜன் சிலிண்டரும் இல்லை. அறையில் இருக்கும் அதே காற்றை வடிகட்டி, சிறிது அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்புவது மட்டுமே இதன் வேலை. மூச்சை உங்கள் கணவர்தான் விடுகிறார்.

அவருக்கு வயலில் தெரிந்த ஒன்றைக் கொண்டே இதை விளக்கலாம். பம்ப்செட்டிலிருந்து தூரத்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகத் தரையில் விரித்துப்போடும் தட்டைக் குழாய், மோட்டார் ஓடும்வரை உருண்டையாக நிற்கும். மோட்டாரை நிறுத்தியதும் பாம்புச் சட்டைபோலத் தட்டையாகிவிடும். தொண்டையின் மேல்பகுதிக்கும் எலும்பாலான சுவர் கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளர, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிய, சிலருக்கு அந்த வழி முழுவதும் ஒட்டிக்கொள்கிறது. சி-பாப் அனுப்பும் காற்றழுத்தம் குழாயில் ஓடும் தண்ணீரைப்போல உள்ளிருந்து வழியைத் திறந்து வைக்கிறது. கருவியை நிறுத்தினால் தொண்டை பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான், முன்பைவிட மோசமாகாது. கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குவதைக் கண்ணாடிக்கு அடிமையானதாக நாம் சொல்வதில்லை அல்லவா?

மணிக்கு 38 என்பது சிறிய எண் அன்று. ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 15வரை லேசானது, 30வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள். மூச்சு குறைந்தபட்சம் பத்து விநாடி நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோதான் ஒருமுறை என்று கணக்கு. ஏழு மணி நேரம் உறங்கினால் 266 முறை. அத்தனை முறையும் மூளை அரைவிழிப்புக்கு வந்து தொண்டையைத் திறக்க வேண்டியிருக்கிறது. அப்படி இரவைக் கழித்தவர் உரக்கடையில் கண் அயர்வதைச் சோம்பல் என்று யாரும் சொல்லக் கூடாது. கருவி சரியாகப் பழகும்வரை அவர் இருசக்கர வண்டியையும் டிராக்டரையும் ஓட்ட வேண்டாம். இதில் மட்டும் நீங்கள் கறாராக இருங்கள்.

இனி அந்த ஒன்பது நாள்களுக்கு வருவோம். கருவியை விற்றவர் மாஸ்க்கை எப்படிப் பொருத்திக் காட்டினார் என்று நீங்கள் எழுதவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, காற்றை ஓடவிடாமல், பட்டையை இறுக்கிக் காட்டிவிட்டுப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. உட்கார்ந்திருக்கும் முகமும் படுத்திருக்கும் முகமும் ஒன்றல்ல. மாஸ்க்கைப் படுத்த நிலையில், காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் சரிசெய்ய வேண்டும். முதலில் பட்டைகளைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்று விலக்கிப் பிடித்தால் அதன் சிலிக்கான் விளிம்பு காற்றில் உப்பும்; உப்பிய விளிம்பை அப்படியே முகத்தில் அமரவைத்து, பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் இழுத்துவிடுங்கள். காற்று கசிகிறதென்று மேலும் மேலும் இறுக்கினால் விளிம்பு மடங்கிக் கசிவு கூடும்; மூக்குத் தண்டில் புண்ணும் வரும். அவருக்கு அடர்ந்த மீசை இருந்தால், மீசைமேல் அமரும் மாஸ்க் கசியத்தான் செய்யும். மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய வகையைக் கேளுங்கள். மீசையை எடுக்கச் சொல்லி நான் யாரிடமும் வென்றதில்லை.

படுக்கும்முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய்ப் பசை சிலிக்கானை வழுக்கவும் வைக்கும், நாளடைவில் கெடுக்கவும் செய்யும். முதல் வாரம் இரவில் வற்புறுத்தாமல், மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரைமணி நேரம் போட்டுக்கொள்ளட்டும். படுத்தவுடன் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல உயரும் ‘ராம்ப்’ வசதி அநேகமாக எல்லாக் கருவிகளிலும் உண்டு. வாய் வறண்டால் வாய் வழியாகக் காற்று வெளியேறுகிறது என்று பொருள். மூக்கடைப்புக்கு மருத்துவம் பார்த்தோ, வாயையும் மூடும் பெரிய மாஸ்க்குக்கு மாறியோ சரிசெய்யலாம். காலையில் வயிறு உப்பிக்கொண்டால் காற்றை விழுங்குகிறார். அழுத்தத்தை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சை பிறந்தபோதே மாஸ்க்தான் சிக்கலாக இருந்தது. சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் 1981-இல் ஐந்து நோயாளிகளுக்கு இதைச் செய்து வெளியிட்டபோது, கடையில் வாங்க மாஸ்க் கிடையாது. தொடக்ககால நோயாளிகளுக்கு மூக்கின் அச்செடுத்துச் செய்து, ஒவ்வோர் இரவும் பசையால் ஒட்டினார்கள். அதற்குமுன் கடுமையான நோய்க்குத் தொண்டையில் துளையிடுவதே பலன் தரும் வழியாக இருந்தது. உங்கள் கணவரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

கடலோரத்தில் இருக்கிறோம், ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. கருவியின் தொட்டியில் கேன் தண்ணீர் ஊற்றலாமா, பேட்டரித் தண்ணீர் ஊற்றலாமா? மின்சாரம் போனால் மாஸ்க்குக்குள் மூச்சு முட்டிவிடாதா?
— ஒரு வாசகர், வேதாரண்யம்

கருவி அனுப்பும் காற்றை ஈரமாக்கும் ஈரப்பதமூட்டியின் தொட்டி அது; அதற்கு ஏற்றது காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆவியான பிறகு தொட்டியின் அடித்தட்டில் வெள்ளையாகப் படிவது அந்த உப்புதான். ஓரிரு நாள் வேறு வழியில்லாமல் கேன் தண்ணீர் ஊற்றியதால் உடம்புக்குக் கேடு வந்துவிடாது. தட்டில் கறை பிடித்தால் வினிகரும் நீரும் கலந்து ஊறவைத்துக் கழுவுங்கள். பேட்டரிக்கென்று விற்பதை வாங்காதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குப் போவதற்காக அடைக்கப்பட்டதன்று. மருந்துக்கடையிலோ அறுவைச் சிகிச்சைப் பொருள்கள் விற்கும் கடையிலோ கேளுங்கள். காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்துக் காயவைப்பது, எந்தத் தண்ணீர் என்ற கேள்வியைவிட முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், அந்த மாதங்களில் ஈரப்பதமூட்டியைக் குறைத்தோ நிறுத்தியோ வைத்துப் பாருங்கள். பலருக்கு வித்தியாசமே தெரிவதில்லை.

மின்சாரம் போனால் மூச்சு முட்டாது. மூக்கு மாஸ்க் என்றால் வாய் திறந்தேதான் இருக்கிறது. வாயையும் மூடும் மாஸ்க்கில், காற்றழுத்தம் நின்றவுடன் தானே திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும் சிறு வால்வு ஒன்று உண்டு. மாஸ்க்கின் முன்பக்கத்தில் இருக்கும் நுண்துளைகள் வேறு. வெளிவிடும் மூச்சு போவதற்கானவை அவை. பக்கத்தில் படுப்பவர்மேல் காற்று அடிக்கிறதென்று ஒருவர் அவற்றில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஈரப்பதமூட்டியை நிறுத்திவிட்டால் இந்தக் கருவி பெரும்பாலும் மேசை மின்விசிறி அளவோ அதற்கும் குறைவாகவோதான் மின்சாரம் எடுக்கும். வீட்டில் 150 ஆம்பியர்-மணி பேட்டரியோடு நல்ல நிலையில் ஓர் இன்வெர்ட்டர் இருந்தால், ஒரு மின்விசிறியோடு சேர்த்தே ஓர் இரவைக் கடத்திவிடலாம். புதிதாக வாங்குவதாக இருந்தால், வீட்டு மின்சாரம்போலவே சீரான அலையாக மின்சாரம் தரும் சைன்வேவ் வகையாக வாங்குங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபின் உங்கள் பகுதியில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாள்களில் கருவியின் டிசி இணைப்புக் கம்பி கையில் இருந்தால் கார் பேட்டரியிலிருந்தும் ஓட்டலாம். எந்தக் கம்பி பொருந்தும் என்று வானம் வெளுத்திருக்கும்போதே கேட்டு வாங்கி வையுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒருக்களித்துப் படுங்கள், தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்ளுங்கள், மதுவையும் தூக்க மாத்திரையையும் தொடாதீர்கள்.

நாங்கள் தரையில் பாய் விரித்து, கொசுவலை கட்டிப் படுப்பவர்கள். கருவியை எங்கே வைப்பது? கொசுவர்த்தி ஏற்றலாமா? அறுவடைத் தூசியால் கெடுமா?
— ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

கருவியோடு வரும் கையேடுகள் கட்டிலையும் பக்கத்து மேசையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தரையில் படுப்பவர் அதை ஸ்டூல்மேல் வைத்தால், குழாயில் குளிர்ந்து சேரும் நீர் சரிந்து முகத்துக்கே வரும். வெறுந்தரையில் வைத்தால் பெருக்கும் தூசியையும் எறும்பையும் இழுக்கும். உட்கார்ந்து சாப்பிடும் மணைப்பலகை இதற்குச் சரியான உயரம். கருவியை வலைக்கு வெளியே வைத்து, குழாயை மட்டும் வலையின் அடிவிளிம்புக்குக் கீழே உள்ளே விட்டு, விளிம்பைப் பாயின் அடியில் செருகிவிடுங்கள். மார்கழிப் பனியில் குழாய்க்குள் ‘களகள’ என்று சத்தம் கேட்டால், குழாயைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

கொசுவர்த்தி வேண்டாம். அறையின் காற்றைத்தான் கருவி இழுக்கிறது. வடிகட்டி தூசியை நிறுத்துமே தவிர அந்தப் புகை முழுவதையும் நிறுத்தாது. வலை இருக்கும்போது அது தேவையும் இல்லை. தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரம் தெருவோரம் ஓடும் நாள்களில் வடிகட்டியை வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக இருந்தது வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றிவிடலாம். கழுவக்கூடிய நுரை வடிகட்டியைக் கழுவி நன்றாகக் காயவைத்தே போட வேண்டும். மெல்லிய வெள்ளை வகையைக் கழுவக் கூடாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். சி-பாப் போட்டால் இனி மாரடைப்பே வராது என்று விற்பனையாளர் சொல்கிறார். உண்மையா?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

அப்படி உறுதி கொடுக்க முடியாது. ஏற்கெனவே இதயநோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ள 2,700-க்கும் மேற்பட்டவர்களைக்கொண்டு நடத்தி 2016-இல் வெளியான ‘சேவ்’ ஆய்வில், சி-பாப் தரப்பட்டவர்களுக்கும் தரப்படாதவர்களுக்கும் இடையே மாரடைப்பு, பக்கவாத எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை மேம்பட்டது. ஆனால் அந்த ஆய்வில் கருவியைச் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். கூடுதலாகப் போட்டிருந்தால் வேறு முடிவு வந்திருக்குமா என்ற விவாதம் ஓயவில்லை. பகலில் தூங்கி வழியாமல் இருக்கவும், இரத்த அழுத்தம் சற்றுக் குறையவும் கருவியைப் போடுங்கள். இதயத்துக்கான மாத்திரைகளில் ஒன்றையும் அதற்காக நிறுத்தாதீர்கள். உறங்கும் நேரம் முழுவதும் போடுவதே இலக்கு. இரவுக்கு நான்கு மணி நேரம் போட்டால் போதும் என்று கருவி காட்டும் குறி காப்பீட்டுக்காரர்கள் பின்பற்றும் கணக்கு, உடம்பு வகுத்ததன்று.

உறவினர் ஒருவர் பயன்படுத்திய கருவியைக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

வாங்கும்முன் அதன் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒலியைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரை உதிர்ந்ததால் 2021 ஜூனில் உலகெங்கும் இலட்சக்கணக்கான கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. மாஸ்க், குழாய், வடிகட்டி புதிதாகத்தான் வாங்க வேண்டும். அழுத்தமும் உங்கள் பரிசோதனைப்படி மாற்றப்பட வேண்டும். உறவினரின் அளவு உங்கள் தொண்டைக்கு உதவாது.

எடையைக் குறைத்தால் கருவியை விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, திருவையாறு

சிலரால் முடியும். எடையில் பத்து சதவீதம் குறைந்தால் மணிக்கு மூச்சு நிற்கும் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும் என்பது நீண்டகால ஆய்வொன்றின் கணக்கு. முதல் கடிதத்தில் இருப்பவரையே எடுத்துக்கொண்டால் 38 என்பது 28-க்கு அருகே வரும். அப்போதும் சிகிச்சை தேவைப்படும். உடல் பருமனோடு இந்நோயும் உள்ளவர்களுக்கு டிர்செபடைடு என்ற ஊசி மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அது எல்லாருக்கும் ஏற்றதன்று, மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். எடை நன்றாகக் குறைந்தபின் தூக்கப் பரிசோதனையை மறுபடியும் செய்து பார்த்துத்தான் கருவியை நிறுத்தலாம். அதற்குள் கன்னம் வற்றி மாஸ்க் தளர்ந்திருக்கும். ஓர் அளவு சிறியதாகக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.