துளித் துளியாய்ப் பாதரசம்

கேள்வி (ஈசூனிலிருந்து ஒரு வாசகி): பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகளின் நோட்டில் ஹெய்ரோவ்ஸ்கி என்று ஒரு பெயர் பார்த்தேன். மின்வேதியியலில் பெரிய ஆள், பேராசிரியர் என்கிறாள். யார் இவர்? நம் வீட்டுக்கும் இவருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1890இல் பிராக் நகரில் பிறந்தவர். லண்டனில் படித்தார், முதல் உலகப்போரின்போது ராணுவ மருத்துவமனையில் வேலை செய்தார். 1918இல் டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் குச்செரா என்ற இயற்பியல் பேராசிரியர், சொட்டும் பாதரசத்தின் பரப்பு இழுவிசையில் விளங்காத புதிர் ஒன்று இருக்கிறது, பாருங்களேன் என்று இவரை அந்தப் பக்கம் இழுத்துவிட்டார். அப்புறம் வருடக்கணக்கில் பாதரசத் துளிகளைப் பிடித்து எடைபோடுவதுதான் வேலை. எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதே இந்தப் பொறுமைக்காகத்தான்.

1922 பிப்ரவரியில், எடையை விட்டுவிட்டு, துளி வழியாகப் போகும் மின்னோட்டத்தை அளந்து பார்த்தார். மயிரிழை போன்ற துவாரமுள்ள கண்ணாடிக் குழாய், அதன் நுனியில் பாதரசம் முத்தாகத் திரண்டு, சில நொடியில் கரைசலுக்குள் விழும், உடனே அடுத்தது திரளும். ஒவ்வொரு துளியும் புதுசு என்பதால் முந்தைய அளவீட்டின் அழுக்கு அடுத்ததில் ஒட்டாது. மின்னழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டி, மின்னோட்டத்தைக் கோடாக வரைந்தால், ஓரிடத்தில் கோடு படியேறுவதுபோல் சட்டென்று உயரும். எந்த அழுத்தத்தில் ஏறியது என்பதை வைத்துக் கரைசலில் இருப்பது ஈயமா, காட்மியமா, துத்தநாகமா என்று சொல்லலாம். படி எவ்வளவு உயரம் என்பதை வைத்து எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம். ஒரே கோட்டில் இரண்டு பதில்!

புள்ளி புள்ளியாகக் கையால் வரைவது பெரும்பாடு. ஜப்பானிலிருந்து வந்து இவரோடு வேலை செய்த ஷிகாத்தாவும் இவரும் சேர்ந்து, 1924இல் அந்தக் கோட்டைத் தானே வரையும் கருவியைச் செய்தார்கள். ஷிகாத்தா ஊர் திரும்பி ஜப்பானில் இந்த முறையைப் பரப்பினார். ஹெய்ரோவ்ஸ்கி பிராக்கில் பேராசிரியராக இருந்து கற்பித்தார், பல நாட்டிலிருந்தும் ஆட்கள் அவரிடம் வந்து பழகிக்கொண்டு போனார்கள். இந்த முறைக்காக நோபல் பரிசு வந்தது 1959இல், அப்போது அவருக்கு 68 வயது. 1967இல் காலமானார்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க அமெரிக்காவில் கிளார்க் என்பவர் 1956இல் அறிவித்த மின்முனை (கரைசலைத் தொட்டு மின்னோட்டத்தைக் கடத்தும் முனை) இந்த வழிமுறையிலிருந்து வந்ததுதான். 1962இல் அவரும் லையன்ஸ் என்பவரும் அதோடு ஒரு நொதியை (என்சைம்) சேர்த்துச் சர்க்கரையை அளக்கலாம் என்று காட்டினார்கள். வீட்டுப் பெரியவர்கள் விரலைக் குத்தி இனிப்புநீர் பார்க்கிறார்களே, அந்தச் சின்ன மெஷின் அந்த வம்சம். பாதரசம் அதில் இல்லை, அது நஞ்சு என்பதால் லேபிலும் இப்போது குறைத்துவிட்டார்கள்.

இரத்தத் துளியை வைக்க மெஷினில் செருகும் ஸ்ட்ரிப்பில் காலாவதியானது ஒன்று இருந்தால் மகளிடம் கொடுங்கள். மெஷினுக்குள் நுழையும் முனையை வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய கோடுகள் தெரியும். மின்முனைகளிலிருந்து வரும் கோடுகள் அவை.