ஒரே எழுத்தாளருக்கு எதற்கு இரண்டு பெயர்?

குன்னூர் பழைய புத்தகக் கடையில் நோரா ராபர்ட்ஸ், ஜே.டி. ராப் நாவல்களை ஒரே அடுக்கில் பார்த்தவருக்கு, இருவரும் ஒருவர்தானா என்று சந்தேகம். ஆமாம், ஒருவரேதான், அமெரிக்க நாவலாசிரியர் நோரா. எழுத்துக்கென்று வைத்துக்கொள்ளும் பெயர்தான் புனைபெயர்.

1979 பிப்ரவரியில் பனிப்புயல். இரண்டு சின்னப் பையன்களோடு வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்தபோது எழுத ஆரம்பித்தவர் நோரா. முதல் நாவல் 1981இல் வந்தது. அப்புறம் காதல், மாயாஜாலம் என்று இருநூறுக்கும் மேல். அந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது! அவர் எழுதும் வேகத்துக்குப் பதிப்பகத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் 1995இல் எதிர்கால நியூயார்க்கின் பெண் போலீஸ் கதைகளுக்கு வேறு பெயர். ஜே.டி. என்பது மகன்கள் ஜேசன், டான் பெயர்களின் முதல் எழுத்துகள்.

நம் தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தோட்டத்து இலைதான், ஆனால் லீஃப் டீ ஒரு பாக்கெட், டஸ்ட் டீ இன்னொன்று. டஸ்ட் கேட்கும் டீக்கடைக்காரருக்கு லீஃப் கொடுத்தால் சரிப்படுமா? வாசகரும் அப்படித்தான், அட்டையில் உள்ள பெயரைப் பார்த்தே என்ன கதை என்று தெரிந்துகொள்கிறார்.

புனைபெயர் என்றாலே ஒளிந்துகொள்வது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ‘ஜே.டி. ராப் என்ற பெயரில் எழுதுபவர் நோரா ராபர்ட்ஸ்’ என்று பின்னாளில் அட்டையிலேயே அச்சிட்டார்கள்.