உதட்டுக் கொப்புளத்துக்குத் தேனும் லைசினும் கேட்குமா? கேள்வி பதில்

உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பும், உடையும், பொருக்குத் தட்டும், பத்து நாளில் ஆறும். சில மாதம் கழித்து அதே இடத்தில் திரும்ப வரும். ஹெர்பீஸ் வகையைச் சேர்ந்த ஹெச்எஸ்வி-1 என்ற வைரஸ் செய்கிற வேலை இது. இதற்கு வீட்டு வைத்தியமும் சத்து மாத்திரையும் கேட்குமா என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் மருந்தாளுநர் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கே இது வரும், அதனால் கொஞ்சம் சொந்தக் கோபமும் உண்டு.

கதிர்: அக்கா, போன தடவை பூண்டை நசுக்கி வச்சேன். மூணே நாள்ல காய்ஞ்சிடுச்சு. அப்புறம் ஏன் வீட்டு வைத்தியம் பலிக்காதுன்னு சொல்றாங்க?

எத்தனையாவது நாள் வச்சீங்க தம்பி? இந்த விஷயத்தில் பாதி பதில் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில் குறுகுறுப்பு. உதட்டில் ஒரே ஒரு புள்ளியில், யாரோ முடியை வைத்து வருடுவது மாதிரி இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் சிவந்து தடித்து, குண்டூசித் தலை அளவில் கொப்புளங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று நாளில் அவை உடைந்து கசியும். வலி அதிகம் இருப்பது அப்போதுதான். பிறகு தேன் நிறத்தில் பொருக்கு. ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பொருக்கு உதிர்ந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் வைத்தியத்தில் இறங்குவது வலி தாங்காத நாலாம் நாளில். அன்றைக்குப் பூண்டு வைத்தால் ஏழாம் நாள் காயும். வைக்காவிட்டாலும் ஏழாம் நாள் காயும். பெயர் மட்டும் பூண்டுக்குப் போகும்.

நான் சில வருஷம் ஒரு நோட்டில் தேதி குறித்து வைத்தேன். எதுவுமே போடாமல் விட்ட தடவைகளில் ஒன்று ஆறே நாளில் ஆறியது, இன்னொன்று பன்னிரண்டு நாள் இழுத்தது. ஒரே ஆள், ஒரே உதடு, இரண்டு மடங்கு வித்தியாசம். ஒரு நாளைக் குறைக்கும் மருந்து இந்த ஏற்ற இறக்கத்துக்குள் காணாமலே போய்விடும். நூற்றுக்கணக்கான பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தும் இன்னொன்றுக்கு வெறும் களிம்பும் கொடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

பச்சைப் பூண்டு தோலைப் பொசுக்கும், அதை விட்டுவிடுங்கள். கொப்புளத்தோடு தீக்காயமும் சேர்ந்துகொள்ளும்.

மாலதி: லைசின் மாத்திரை ரெண்டு மாசமா எடுக்கிறேன். இன்னும் வரலை. தொடரலாமா?

லைசினுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது, அதனால்தான் அது இத்தனை காலம் ஓடுகிறது. இந்த ஹெர்பீஸ் வைரஸ் பெருக ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு துண்டு, தேவை. லைசினும் ஒரு அமினோ அமிலம்தான். ஆய்வகத் தட்டில் ஆர்ஜினைனைக் குறைத்து லைசினைக் கூட்டினால் வைரஸ் திணறுகிறது. அங்கிருந்து, "லைசின் சாப்பிடு, ஆர்ஜினைன் உள்ள கொட்டை வகைகளையும் சாக்லேட்டையும் விடு" என்ற யோசனை கிளம்பியது.

ஆனால் உடம்பு ஆய்வகத் தட்டு இல்லையே. ஆர்ஜினைனை அது தானே தயாரித்துக்கொள்ளும். 1970களின் கடைசியிலிருந்து மனிதர்களிடம் நடந்த சோதனைகள் பெரும்பாலும் சின்னவை, முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண். கொப்புளம் வராமல் தடுப்பது பற்றிய சோதனைகளையெல்லாம் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு சேர்த்துப் பார்த்த 2015 ஆய்வு, லைசின் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது.

இரண்டு மாசம் வராதது நல்ல விஷயம்தான். ஆனால் லைசின் எடுக்காத காலத்தில் உங்களுக்கு எத்தனை மாச இடைவெளி இருந்தது? வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவருக்கு ஆறு மாசம் வராமல் இருப்பது சாதாரணம். எனக்கும் லைசின் நாலு மாசம் "வேலை செய்தது". ஐந்தாம் மாசம், டப்பாவில் பாதி மாத்திரை மிச்சம் இருக்கும்போதே, வழக்கமான இடத்தில் குறுகுறுத்தது.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். மற்றவர்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை, அதிகம் போனால் வயிறு கலங்கும். கொட்டையையும் சாக்லேட்டையும் பயமில்லாமல் சாப்பிடுங்கள்.

செல்வி: எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் வைரஸை ஒரேயடியாக விரட்டிவிட முடியாதா?

முடியாதம்மா. முதல் தடவை தொற்றியதுமே அது நரம்பு வழியாக ஏறி, முகத்துக்கு உணர்ச்சி தரும் ட்ரைஜெமினல் நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அங்கே அது தூங்கும்போது எந்த மருந்துக்கும் எட்டாது. காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மாதவிலக்கு என்று ஏதாவது எழுப்பினால் அதே நரம்பில் இறங்கி உதட்டுக்கு வரும். அதே இடத்தில் வருவதற்குக் காரணம் இதுதான். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேரிடம் இந்த ஹெச்எஸ்வி-1 இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலோருக்கு ஒரு கொப்புளம்கூட வந்திருக்காது.

இளங்கோ: தேன் தடவினால் க்ரீமுக்குச் சமம் என்று படித்தேன். நிஜமா?

நிஜம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை. நியூசிலாந்தில் 952 பேரை வைத்து நடந்த சோதனை, 2019இல் வெளியானது. ஒரு பாதிக்குக் கானுகா மரத்துத் தேனில் செய்த மருத்துவத் தர க்ரீம், மறு பாதிக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து 5 சதவீதம் உள்ள க்ரீம். தோல் பழையபடி ஆக அசைக்ளோவிருக்கு 8 நாள், தேனுக்கு 9 நாள். புள்ளிவிவரப்படி வித்தியாசம் இல்லை.

"தேன் மருந்துக்கு நிகர்" என்று ஆளாளுக்குக் கொண்டாடினார்கள். எனக்குத் தோன்றியது வேறு: அந்த க்ரீமே அவ்வளவுதான்! அசைக்ளோவிர் க்ரீம் குறைப்பது ஏறக்குறைய அரை நாள். எதுவும் தடவாத மூன்றாவது கூட்டம் அந்தச் சோதனையில் இல்லை. இருந்திருந்தால் அவர்களும் எட்டு ஒன்பது நாளில் ஆறியிருக்கலாம். தேன் பிடிக்குமென்றால் தடவுங்கள், பொருக்கு வெடிக்காமல் மிருதுவாக இருக்கும். சமையலறைத் தேன் அந்தச் சோதனையில் இருந்த தேன் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ராஜன்: பற்பசை, உப்பு, எலுமிச்சை, ஸ்பிரிட்?

வேண்டாம், வேண்டாம், வேண்டாம், ஐயோ வேண்டாம்.

நித்யா: லெமன் பாம், புரோபோலிஸ், துத்தநாகம், டீ ட்ரீ எண்ணெய், கற்றாழை... எதையாவது நம்பலாமா அக்கா?

நான் வரிசைப்படுத்தினால் புரோபோலிஸ், அதாவது தேனீக்கள் கூட்டைப் பூச எடுத்துவரும் பிசின், முதலில் வரும். அசைக்ளோவிர் க்ரீமோடு ஒப்பிட்ட சோதனைகளில் அது நன்றாகவே நின்றது. தேனீப் பொருள் ஒவ்வாமை இருந்தால் கிட்டே போகாதீர்கள். லெமன் பாம் செடிச்சாறு க்ரீமும் துத்தநாக ஆக்ஸைடு க்ரீமும் சின்னச் சோதனைகளில் கொஞ்சம் பலன் காட்டின. டீ ட்ரீ எண்ணெய்க்கு ஆதாரம் மெலிது, எரிச்சல் நிச்சயம். கற்றாழை குளுமையாக இருக்கும், அவ்வளவே. பட்டியலில் நீங்கள் விட்ட ஒன்று ஐஸ். துணியில் சுற்றி ஐந்து நிமிஷம் வைத்தால் வலியும் வீக்கமும் தணியும், வைரஸுக்கு ஒன்றும் ஆகாது.

கதிர் (மறுபடியும்): அப்போ எதுதான் வேலை செய்யும்?

மாத்திரை, அதுவும் குறுகுறுப்பு தொடங்கிய உடனே. வலாசைக்ளோவிர் என்றால் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அதோடு முடிந்தது. இப்படி எடுத்தால் ஏறக்குறைய ஒரு நாள் குறையும். டாகோசனால் என்ற இன்னொரு வைரஸ் எதிர்ப்பு மருந்தின் க்ரீம் சுமார் 18 மணி நேரம் குறைத்தது. "இவ்வளவுதானா" என்று கேட்பீர்கள். இவ்வளவுதான்.

ஏன் உடனே எடுக்கவேண்டும்? வலாசைக்ளோவிர் உடம்புக்குள் போனதும் அசைக்ளோவிராக மாறிவிடும். அசைக்ளோவிர் வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனதும், வைரஸின் சொந்த நொதியே அதை முடுக்கிவிடுகிறது. பிறகு அது வைரஸின் டிஎன்ஏ நகலெடுப்பைப் பாதியில் அறுக்கிறது. தன் கத்தியாலேயே தன்னைக் குத்திக்கொள்கிற மாதிரி. அருமையான மருந்து இது. இதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை நடத்திய ஜெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் நகலெடுப்பு முதல் ஓரிரு நாளிலேயே மும்முரமாக நடந்து அடங்கிவிடும். பொருக்கு விழுந்த பிறகு மருந்துக்கு அங்கே வேலை இல்லை.

அதனால் டாக்டரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி மாத்திரையைக் கையோடு வைத்திருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், அதையும் அவரே சொல்லட்டும். வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வருகிறதென்றால் தினசரி மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

மாலதி: வெயிலில் போனால் எனக்குக் கட்டாயம் வரும். சன்ஸ்கிரீன் உதவுமா?

புற ஊதா விளக்கை வைத்துச் செய்த சோதனையில் நன்றாகத் தடுத்தது. நிஜ வெயிலில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. வியர்த்து, நக்கி, துடைத்து, யார் உதட்டில்தான் அது நிற்கிறது? இருந்தாலும் நான் எஸ்பிஎஃப் 30 லிப் பாம் இல்லாமல் வெளியே போவதில்லை. ஆதாரம் முழுசாக இல்லாமலே நான் கடைப்பிடிக்கும் ஒரே பழக்கம்.

இளங்கோ: வாய்க்குள் வெள்ளையாக வரும் புண்ணும் இதுவும் ஒன்றா? பி12 எடுக்கச் சொன்னார்கள்.

வேறு வேறு. கன்னத்தின் உள்பக்கமும் நாக்கடியிலும் வரும் வாய்ப்புண் வைரஸால் வருவதில்லை, ஒட்டாது. பி12 பலன் தந்ததாகச் சோதனை இருப்பது அந்தப் புண்ணுக்கு. உதட்டுக் கொப்புளக்காரர்கள் வாங்கிச் சாப்பிட்டுப் புண்ணியமில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: குழந்தை பிறந்து 12 நாள் ஆகிறது. எனக்கு இன்று காலை கொப்புளம் வந்துவிட்டது. மஞ்சள் பூசினால் போதுமா?

இல்லைம்மா. மஞ்சளையோ வேறெதையோ நம்பிக் காத்திருக்கவேண்டிய நேரம் இது இல்லை. பச்சிளம் குழந்தைக்கு இந்த வைரஸ் உயிராபத்து. பொருக்கு முழுசாக உதிரும்வரை முத்தம் வேண்டாம். கொப்புளத்தை மூடிவையுங்கள், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். மார்பில் புண் இல்லையென்றால் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். குழந்தை டாக்டரிடம் இன்றைக்கே தெரிவித்துவிடுங்கள். பால் குடிக்க மறுப்பது, காய்ச்சல், சோர்ந்து கிடப்பது, தோலில் கொப்புளம், இதில் எது தெரிந்தாலும் நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களில் உதட்டில் பொருக்கோடு யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்துங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ராஜன்: கண் பக்கத்தில் வந்தால்?

அன்றைக்கே கண் டாக்டர். கருவிழியில் ஏறினால் பார்வைக்கே தழும்பு விழும். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு ஆயின்மென்டை எடுத்துத் தடவிவிடாதீர்கள், வைரஸுக்கு அது விருந்து.

நித்யா: கொப்புளத்தோட போட்ட லிப் பாமைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

விரல் விட்டுத் தடவும் டப்பா என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். குச்சி வகையும் அப்படித்தான். நான் அந்தப் பத்து நாளைக்கென்று மலிவாக ஒன்று தனியே வைத்திருக்கிறேன்.