சதுரங்கப் பலகையில் நெல்: கேள்வி பதில்

முதல் கட்டத்தில ஒரு மணி, அடுத்ததில ரெண்டு, பிறகு நாலு. இப்பிடி 64 கட்டமும் நிரம்பினால் மொத்தம் 18446744073709551615. அதாவது 2⁶⁴−1. சதுரங்கத்தைக் கண்டுபிடிச்சவன் ராசாவிட்டப் பரிசாக் கேட்ட கதையில வாறது கோதுமை, வன்னியில நெல்தான். கிளிநொச்சியில கனகாலம் கணிதம் படிப்பிச்சவன் நான். கேளுங்கோ.

பரந்தன்: பெருக்காமலே கடைசி இலக்கம் 5 எண்டு எப்பிடிச் சொல்றது?
2, 4, 8, 6 எண்டு சுத்திச் சுத்தி வரும். 64 நாலால பிரியும், அதால 2⁶⁴ ஆறில முடியும். ஒண்டைக் கழி.

முழங்காவில்: என்ர கல்குலேற்றர் 1.844674407 எண்டு காட்டிப்போட்டுப் பக்கத்தில 19 போடுதே?
19 எண்டால் 10¹⁹ஆல பெருக்கு எண்டு அர்த்தம். மிச்ச இலக்கத்தை அது விழுங்கிட்டுது. பெரிய எண்ணுக்குக் கல்குலேற்றரை நம்பாதேங்கோ.

மாங்குளம்: சேர், இதின்ர காரணிகள் என்ன?
இதைத்தான் எதிர்பார்த்தனான். 2⁶⁴ சப்பெண்ட எண், உள்ளுக்க ரெண்டைத் தவிர ஒண்டுமில்லை. ஒரு மணி குறைஞ்ச உடன பாருங்கோ: 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. முதல் அஞ்சும் முதன்மை எண்கள். கடைசியா நிக்கிற 2³²+1-உம் அப்பிடித்தான் எண்டு பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732இல சுவிஸ் கணித மேதை ஒய்லர் அதை உடைச்சார்: 641 × 6700417. அது ரெண்டும் முதன்மை எண்கள்.

வகுக்காமலே காட்டலாம். 641ஆல வகுக்கேக்க 640இன்ர மீதியை −1 எண்டு எடு. 640 எண்டது 5 × 2⁷. நாலாம் வலுவுக்கு உயர்த்து: 625 × 2²⁸, மீதி 1. ஆனா 625 + 16 = 641, அதால 625க்குப் பதில் −16 போடலாம். −16 × 2²⁸ எண்டால் −2³². அதுக்கு மீதி 1 எண்டால் 2³²+1க்கு மீதி பூச்சியம். கொப்பியில ஒருக்கா எழுதிப் பார் தம்பி, பிறகு மறக்காது.

எல்லாமா ஏழு முதன்மைக் காரணி, ஒவ்வொண்டும் ஒருக்காத்தான். அதால வகுத்திகள் 2⁷ = 128.

புதுக்குடியிருப்பு: இது முதன்மை எண்ணா?
அஞ்சில முடியுது பிள்ளை.

ஒட்டுசுட்டான்: அண்ணை, எத்தனை புசல் வரும்?
ஆயிரம் மணி 25 கிராம், புசல் 21 கிலோ எண்டு வைச்சால் கிட்டத்தட்ட 22 லட்சம் கோடி புசல். உலகத்தின்ர இப்பத்தைய விளைச்சலில 500 வருசத்துக்கு மேல.

நெடுங்கேணி: 25 கிராமோ? சம்பா அவ்வளவு நிக்காது.
சரி, சம்பாவெண்டால் குறையும்.

ஒட்டுசுட்டான்: ஈரநெல்லோ காய்ஞ்சதோ? யாவாரி ஈரமெண்டு மூடைக்கு ரெண்டு கிலோ வெட்டுவான்.

நெடுங்கேணி: ரெண்டோ? எங்கட பக்கம் மூண்டு!
இது கணிதம், நெல்லுச் சந்தையில்லை. மணிதான் கணக்கு, ஈரமெண்டாலும் ஒரு மணி ஒரு மணிதான்.

ஒட்டுசுட்டான்: பதர்?
...பதரை நான் யோசிக்கேல்லை.

வவுனியா: எக்செல்லில 18446744073709600000 எண்டு வருதே?
அது 15 இலக்கத்தோட நிண்டுடும். கல்குலேற்றருக்குச் சொன்னதுதான் இதுக்கும்.

துணுக்காய்: ஒன்பதால பிரியுமோ?
இலக்கங்களைக் கூட்டினால் 87. மூண்டால பிரியும், ஒன்பதால பிரியாது.

மல்லாவி: லொத்தருக்கு இதில எந்த இலக்கம் நல்லது?
சாத்திரியாரிட்டப் போங்கோ.

பூநகரி: சேர், இது முதன்மை எண்ணா?
5.