தூத்தூர் பையன் ரொனால்டோவை முந்துவானா?

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சின்னத்துறைக்காரன். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் ஃபுட்பால் மேனேஜர்தான், கால்பந்து அணியை நாமே நடத்துகிற ஆட்டம். அதில் ஆட்டமே உருவாக்கிக் கொடுத்த ஒரு இந்தியப் பையன் என் அணியில் இருக்கிறான், ஸ்ட்ரைக்கர். தூத்தூர்க்காரன் என்று நானே ஊர் வைத்துக்கொண்டேன். வயது 24. கிளப்பும் நாடும் சேர்த்து 168 கோல். கடைசி மூன்று சீசனில் 31, 38, 44. இந்தியாவுக்கு மட்டும் 27, இப்போது வருஷத்துக்கு ஒன்பது வீதம் அடிக்கிறான்.

சீசனுக்கு 44 என்று வைத்து, 40 வயது வரைக்கும் 17 சீசன் பெருக்கினால் 748. பழையதோடு சேர்த்தால் 916. 2024 செப்டம்பரில் ரொனால்டோ தொட்ட 900-ஐத் தாண்டிவிடுகிறான். கூட்டுக்காரப் பயல்கள் சிரிக்கிறார்கள். என் கணக்கு சரிதானா? இவனை எல்லாக் காலத்துக்குமான பெரிய ஆட்டக்காரர்கள் வரிசையில் வைக்கலாமா?

(பெயர் வேண்டாம்)
சின்னத்துறை

*

அன்புள்ள தம்பி,

பெருக்கலில் பிழையில்லை. கடையில் கணக்கு எழுதுகிறவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் பெருக்க எடுத்த இரண்டு எண்களுமே ஆசைப்பட்டு எடுத்தவை.

44 என்பது அவனுடைய மிகச் சிறந்த சீசன். அதையே வழக்கம் என்று எழுதிவிட்டீர்கள். மெஸ்ஸி 2012இல், தன் 25ஆவது வயதில், ஒரே ஆண்டில் 91 கோல் அடித்தார். உங்கள் முறைப்படி பார்த்தால் அடுத்த பத்து ஆண்டில் இன்னொரு 900 சேர்ந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே காயத்தோடு மல்லுக்கட்டி 45-இல் நின்றார். அந்த 91 அப்புறம் அவருக்கே திரும்ப வரவில்லை.

17 சீசன் என்பது அதைவிடப் பெரிய ஆசை. பில் ஜேம்ஸ் என்கிற அமெரிக்க பேஸ்பால் புள்ளிவிவரக்காரர் இதற்கென்றே ஒரு சின்ன வாய்பாடு வைத்திருக்கிறார். கடைசி சீசனை மூன்றால் பெருக்கு, அதற்கு முந்தியதை இரண்டால், அதற்கும் முந்தியதை ஒன்றால்; கூட்டி ஆறால் வகு. உங்கள் பையனுக்கு 39.8 வருகிறது. மீதி எத்தனை சீசன்? 24-இலிருந்து (இது வாய்பாட்டிலேயே உள்ள எண், பையனின் வயதல்ல) வயதின் 0.6 பங்கைக் கழிக்க வேண்டும். 24 வயதுக்கு 9.6. இரண்டையும் பெருக்கினால் இன்னும் 382 கோல். ஆக மொத்தம் 550.

வாய்ப்பு எவ்வளவு என்றும் அதே வாய்பாடு சொல்லும். இனி அடிக்கக்கூடியதை, இனி தேவைப்படுவதால் வகுத்து, அரையைக் கழிக்க வேண்டும். 900-க்கு இன்னும் 732 வேண்டும். 382-ஐ 732-ஆல் வகுத்தால் 0.52. அரை போனால் நூற்றுக்கு இரண்டு. இதே பையனுக்கு 500-ஐத் தொட நூற்றுக்கு 65, 600-க்கு 38, 700-க்கு 22.

பேஸ்பால் வாய்பாட்டைக் கால்பந்தில் போடலாமா என்று கேட்பீர்கள். அது உங்கள் ஆளை 33, 34 வயதில் வீட்டுக்கு அனுப்புகிறது. ஒரு ஸ்ட்ரைக்கருக்கு அது அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ரொனால்டோ 30 வயது முடிவதற்கு முன் அடித்தவை சுமார் 460. 900-இல் கிட்டத்தட்ட பாதி அதற்கப்புறம் வந்தது. அவரை முந்த வேண்டும் என்றால் 24 வயதில் எவ்வளவு வேகமாக அடிக்கிறான் என்பது அவ்வளவு முக்கியமில்லை. 35 வயதில் ஆடுகிறானா, அதைப் பாருங்கள்.

பிரான்சின் ஜூஸ்ட் ஃபொன்டேன் 1958 உலகக் கோப்பையில் ஆறே ஆட்டத்தில் 13 கோல் அடித்தார். ஒரே உலகக் கோப்பையில் யாரும் இன்றுவரை அதைத் தாண்டவில்லை. நாட்டுக்காக 21 ஆட்டம், 30 கோல். கால் எலும்பு முறிந்து 1962இல், 28 வயதில் நிறுத்திவிட்டார். அவருடைய 24 வயதுக் கணக்கை வைத்து யாராவது பெருக்கிப் பார்த்திருந்தால் என்ன எண் வந்திருக்கும்!

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? உங்கள் பக்கத்து ஊர் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனின் தொடக்க ஆட்டத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அந்த சீசன் முழுக்கப் போயிற்று. இது கால் விஷயம். தூத்தூரிலிருந்து நீரோடி வரைக்கும் நன்றாக ஆடிய எத்தனையோ பேர் பிழைப்புக்காக ஆழ்கடல் போட்டிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். கம்ப்யூட்டர் யாரையும் அந்தக் காரணத்துக்காக ஆட்டத்தை விடச் சொல்வதில்லை. அந்த வகையில் உங்கள் பையன் கொடுத்துவைத்தவன்.

இப்போது ஒரு கேள்வி, உண்மையைச் சொல்லுங்கள். அவனுக்குக் காயம் பட்டபோது ஆட்டத்தைச் சேமிக்காமல் மூடிவிட்டுப் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடினீர்களா? ஆடியிருந்தால் 168-உம் செல்லாது. இனிமேல் வருவதை எந்த வாய்பாட்டில் போட்டும் பிரயோஜனமில்லை. காயத்தை அழித்துவிட்டால் அதை ஆட்டக்காரனின் கணக்கு என்று எப்படிச் சொல்வது?

ஆடவில்லை என்றால் உங்கள் கையில் ஒரு வசதி இருக்கிறது, நிஜ ஆட்டக்காரன் எவனுக்கும் கிடைக்காதது. சேமித்த ஃபைலைப் பிரதி எடுத்து வையுங்கள். ஹாலிடே போட்டு (நீங்கள் இல்லாமல் ஆட்டம் தானே ஓடும் வசதி), அவன் ஓய்வுபெறும் வரைக்கும் ஓடவிடுங்கள். மொத்தத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி பழைய பிரதியிலிருந்து தொடங்குங்கள். இருபது தடவை செய்தால் இருபது வாழ்க்கை கிடைக்கும். பெரிய எண்ணைப் பிடித்துத் தொங்காமல், இருபதையும் வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: நீங்கள் ஹாலிடேயில் இருக்கும்போது உதவி மேனேஜர் அவனைப் பெஞ்சில் உட்கார வைக்கலாம், விற்றும் விடலாம். அந்த அமைப்புகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கூடவே கோச் அறிக்கையையும் படியுங்கள். எளிதில் காயப்படும் சுபாவம் நேராகக் கண்ணில் படாத எண், ஆனால் அறிக்கையில் கொஞ்சம் கசியும். இயல்பான உடல்தகுதி குறைவாக இருந்தால் 30-க்கு மேல் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும். கோல் அடிக்கும் திறமையைவிட இந்த இரண்டும்தான் உங்கள் 17 சீசனைத் தீர்மானிக்கும்.

பெரிய ஆட்டக்காரனா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கம். அந்த உலகத்தில் அவனோடு ஆடுகிறவர்களும் கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளைகள்தான். மெஸ்ஸியோடு ஒப்பிடாதீர்கள். அதே லீகில், அதே சீசனில் இரண்டாவதாக வந்தவன் எத்தனை அடித்தான் என்று பாருங்கள். அவன் 40 அடித்திருந்தால் உங்கள் 44 ஒன்றும் பிரமாதமில்லை. 22 என்றால் பேசலாம்.

எந்தக் கோலை எண்ணுவது என்பதும் சிக்கல்தான். பெலேயின் பெயரில் சொல்லப்படும் எண் 1,280-ஐ ஒட்டி வரும். நட்பு ஆட்டங்களைக் கழித்தால் 760-க்கு அருகே வந்து நிற்கும். நாட்டுக்காக ஆடும் நட்பு ஆட்டக் கோல் செல்லும், சீசனுக்கு முன் கிளப் ஆடும் நட்பு ஆட்டக் கோல் செல்லாது. 168-இல் அது கலந்திருந்தால் கழித்துவிட்டு மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

900-ஐ விட்டுவிட்டு சுனில் சேத்ரியைக் குறிவைக்கலாம் என்பது என் யோசனை. 2005இல் தொடங்கி 2024 ஜூனில் விடைபெற்றபோது அவர் இந்தியாவுக்காக 151 ஆட்டத்தில் 94 கோல். (அடுத்த ஆண்டு திரும்பி வந்தார் என்பது வேறு கதை.) உங்கள் பையனுக்கு இன்னும் 67 வேண்டும். வருஷத்துக்கு ஒன்பது, 9.6 சீசன் என்றால் 86. வாய்பாடு நூற்றுக்கு எண்பது பக்கம் காட்டுகிறது. இதைச் சொன்னால் கூட்டுக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள்.