பல் நிற அடைப்பு ஏன் விழுகிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பல் அடைப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: "ஒட்டியது ஏன் விட்டுப்போனது?" அதனால் இந்த முறை முழுக்க அதைப் பற்றியே பேசலாம்.

கேள்வி: மேடம், அப்பாவுக்கு வெள்ளி அடைப்பு இருபது வருஷமாக அப்படியே இருக்கிறது. எனக்கு வைத்த வெள்ளை அடைப்பு மூன்றே வருஷத்தில் கழன்றுவிட்டது. பழையதுதானே நல்லது?

பதில்: அப்பாவின் அடைப்பு பல்லோடு ஒட்டவே இல்லை. வாய் குறுகி, அடி அகன்ற குடம் போலக் குழி தோண்டி, அதில் வெள்ளி-பாதரசக் கலவையை அழுத்தி வைத்திருப்பார்கள். இறுகிய பிறகு அது வெளியே வர வழியில்லை. கொஞ்சம் எச்சில் பட்டாலும் பெரிய கேடு இல்லை. ஆனால் அந்தக் குட வடிவத்துக்காக நல்ல பல்லையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். உங்களுக்கு வைத்த பல் நிற அடைப்பான காம்போசிட்டுக்குச் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும், மீதியை ஒட்டு பார்த்துக்கொள்ளும். அந்த ஒட்டு சரியாக அமையாவிட்டால் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. பாதரசத்தைக் குறைக்க வேண்டும் என்பதால் 2025 முதல் ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவக் கட்டாயம் உள்ள நிலைகளைத் தவிர, அந்த அடைப்பையே நிறுத்திவிட்டது. ஆகவே பழையதற்குத் திரும்புவதை விட, புதியதை ஒழுங்காக ஒட்டுவதுதான் நமக்கு வழி.

கேள்வி: உண்மையில் அது எப்படி ஒட்டுகிறது? பசை மாதிரியா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1955இல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் மைக்கேல் புவோனோகோர் என்ற பல் மருத்துவர், உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க முதலில் பாஸ்பாரிக் அமிலம் தடவுகிறார்களே, பல்லிலும் தடவினால் என்ன என்று யோசித்தார். அவர் பயன்படுத்தியது 85 சதவீத அமிலம். இன்று நாங்கள் தடவும் நீல நிற ஜெல் ஏறக்குறைய 37 சதவீதம். 15 முதல் 30 விநாடியில், பல்லின் கெட்டியான வெளிப்படலமான எனாமலின் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடும். அந்த வெளுப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கின்றன. திரவமாக இருக்கும் ரெசின் (ஒட்டுவதற்கான பிசின்) அவற்றுக்குள் இறங்கி, நீல விளக்குப் பட்டதும் இறுகிக் கொக்கி போட்டுக்கொள்கிறது. எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். அதனால் அங்கே ஒட்டு நம்பகமானது.

சிக்கல் அடியில் இருக்கும் டென்டினில். அதில் தாது சுமார் 70 சதவீதம்தான், மீதி கொலாஜன் என்ற புரத நாரும் நீரும். நரம்பை நோக்கிப் போகும் நுண்குழாய்கள் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள்ளேயே பல்லாயிரம். அவற்றிலிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். ஈரச் சுவரில் பெயின்ட் அடிப்பதை நினைத்துப் பாருங்கள். இதற்கு வழி திறந்தவர்கள் ஜப்பானியர்கள். 1970களின் கடைசியில் ஃபுசயாமா டென்டினிலும் துணிந்து அமிலம் வைத்தார். 1982இல் நகபயாஷி, ரெசின் கொலாஜன் நாருக்குள் ஊறி இரண்டும் கலந்த ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது என்று காட்டினார். குராரே நிறுவனம் உருவாக்கிய எம்.டி.பி. என்ற மூலக்கூறு ஒரு படி மேலே போய், பல்லின் கால்சியத்தோடு வேதிப்பிணைப்பே செய்கிறது. எனாமலுக்கு மட்டும் அமில ஜெல், டென்டினுக்கு எம்.டி.பி. உள்ள பாண்டிங் திரவம் (ஒட்டுத் திரவம்) என்பதுதான் என் வழக்கம்.

ஆனாலும் டென்டின் ஒட்டு காலப்போக்கில் தளரும். நீர் ரெசினைக் கரைக்கிறது, பல்லிலேயே உள்ள நொதிகள் கொலாஜனை அரிக்கின்றன. அடைப்பைச் சுற்றிலும் எனாமல் விளிம்பு இருந்தால் அது மதில் போலக் காக்கும்.

கேள்வி: போன தடவை வாயில் ரப்பர் ஷீட் மாட்டினார்கள். மூச்சு முட்டியது. வேண்டாம் என்று சொல்லலாமா?

பதில்: தயவுசெய்து சொல்லாதீர்கள். பல்லில் எச்சில் படாமல் தடுக்கத்தான் அந்த ஷீட். மூக்கால் மூச்சு விடப் பழகினால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் அடைத்தேன். அமிலம் கழுவி, காயவைத்து, பாண்டிங் எடுக்கத் திரும்பிய நேரத்தில் நாக்கு நகர்ந்து எச்சில் பட்டுவிட்டது. பஞ்சால் ஒற்றிவிட்டு மேற்கொண்டு செய்தேன். நாலே மாதத்தில் அடைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். எச்சிலின் புரதம் ஒரு நொடியில் அந்தப் பள்ளங்களை மூடிவிடும். ஒற்றினால் போகாது, மறுபடி அமிலம் வைத்திருக்க வேண்டும். விலை உயர்ந்த பொருளைத் தேடுவதற்கு முன், பல் உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பவரைத் தேடுங்கள்.

கேள்வி: அடைத்த பிறகு கூச்சம் வந்துவிட்டது. ஒட்டவில்லை என்று அர்த்தமா?

பதில்: பல காரணங்கள் உண்டு. காம்போசிட் இறுகும்போது கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். ஒரே உருண்டையாக வைத்தால் அந்த இழுப்பில் அடியில் இடைவெளி விழலாம். அதனால்தான் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் விளக்குக் காட்டுகிறோம். (4 மில்லிமீட்டர் வரை ஒரே அடுக்காக வைக்கும் வகைகளும் இப்போது உண்டு.) அமிலம் கழுவிய டென்டினை அதிகமாகக் காயவைத்தாலும் நார்கள் படிந்துபோய் ரெசின் உள்ளே இறங்காது. கடித்தால் மட்டும் வலி என்றால் அடைப்பு உயரமாக இருக்கலாம், மருத்துவர் அதைக் கொஞ்சம் தேய்த்துக் குறைத்தால் போதும். சில்லென்று குடித்தால் மட்டும் கூச்சம் என்றால் இரண்டு வாரம் பாருங்கள். இரவில் தானாகவே விண்விண் என்று வலித்தால் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஈறு ஓரத்தில் பல் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. மூன்று தடவை அடைத்தும் விழுந்துவிட்டது.

பதில்: ஒட்டுக்கு இதைவிடக் கடினமான இடம் இல்லை. புதுப் பாண்டிங் பொருள்களின் உண்மையான பலத்தைப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுப்பதும் இந்தப் பள்ளத்தைத்தான். பிடித்து நிற்கக் குழி இல்லை, ஈறு பக்கம் எனாமலும் இருக்காது. தேய்ந்த டென்டின் கண்ணாடி போல இறுகி, நுண்குழாய்கள் அடைபட்டிருக்கும். அந்த மினுமினுப்பை லேசாகச் சுரண்டிவிட்டு, ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் என்ற வேறு வகை அடைப்புப் பொருளை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இங்கே அது நன்றாக நிற்கிறது. அப்புறம், குறுக்கே அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தையும் கெட்டியான பிரஷ்ஷையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: தர்மபுரி பக்கம் எங்களுக்கு. பல்லில் பழுப்புக் கறை. முன்பல்லில் வெள்ளைப் பூச்சு ஒட்டுமா?

பதில்: ஒட்டும். உங்கள் ஊர் நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு, எனாமலின் மேற்பரப்பை அமிலத்துக்கு மசியாததாக ஆக்கிவிடுகிறது. அதனால் வழக்கமான நேரம் போதாது. மேலே ஒரு மெல்லிய படலத்தைத் தேய்த்துவிட்டு, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் பெரியவர்களின் கறை போகாது, அது பல் உருவாகும்போதே விழுந்தது. வளரும் குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரையே கொடுங்கள்.

கேள்வி: வலிக்கு வீட்டில் கிராம்பு எண்ணெய் வைத்தேன். மறுநாள் அடைக்கலாமா?

பதில்: அடைக்கலாம், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிராம்பில் உள்ள யூஜினால் ரெசினை இறுக விடாது. தெரிந்தால் சுத்தமாக எடுத்துவிட்டு ஒட்டுவோம்.

கேள்வி: அஞ்சு வயசுப் பையன், வாயை இரண்டு நிமிடம் கூடத் திறந்து வைக்க மாட்டான். பால்பல்லுக்கு எது?

பதில்: சாதாரணக் கிளாஸ் அயனோமர். 1970களின் தொடக்கத்தில் லண்டனில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கியது. அமிலம், பாண்டிங், விளக்கு எதுவும் இல்லாமல் பல்லின் கால்சியத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், ஃப்ளோரைடும் கசியும். காம்போசிட் அளவுக்குத் தேய்மானம் தாங்காது. ஆனால் அழுகிற குழந்தையின் ஈர வாயில், பாதி ஒட்டிய காம்போசிட்டை விட இதுவே மேல். முதல் நாள் மட்டும் அந்தப் பக்கம் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்யாணத்துக்குப் பல் வெளுக்கிறேன். அதே வாரம் முன்பல் அடைப்பையும் மாற்றிவிடலாமா?

பதில்: முதலில் வெளுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மாற்றுங்கள். வெளுக்கும் மருந்து விட்டுப்போகும் ஆக்சிஜன் அதுவரை எனாமலில் தங்கி, ஒட்டைக் கெடுக்கும். நிறமும் அதற்குள் நிலைப்பட்டுவிடும் என்பதால் அடைப்பின் நிறத்தைச் சரியாகப் பொருத்தலாம். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.